‘அவர்கள் பண்பாடு அப்படி’: ஒரு சிறுகதையும் சில கணக்குகளும்

1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மூன்று எழுத்துகள் வெளிவந்தன. ஒன்று, சாண்ட்ரா சிஸ்னெரோஸின் ‘வுமன் ஹாலரிங் க்ரீக்’ என்ற சிறுகதைத் தொகுப்பு. இரண்டாவது, ஸ்டான்ஃபோர்ட் சட்ட இதழில் கிம்பர்லே கிரென்ஷா எழுதிய நீண்ட கட்டுரை. ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்ற சொல் இன்று நம் கல்லூரிக் கருத்தரங்குகள்வரை வந்து சேர்ந்திருப்பதற்கு அந்தக் கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்றாவதை அதிகம் பேர் படித்திருக்க மாட்டார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பை வைத்து சோரன்சன், டெல்லஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதிய ஆய்வறிக்கை அது. மூன்றும் ஒரே விஷயத்தைச் சுற்றியவை: கணவனாலோ காதலனாலோ அடிபடும் லத்தீனப் பெண், அவள் எல்லை தாண்டி வந்தவள் என்பது அந்த அடியோடு எப்படிச் சேர்கிறது என்பது. ஒன்று மற்றொன்றை அறியாமல் எழுதப்பட்ட இவற்றை ஒரே மேசையில் வைத்து வாசித்தால், கதையைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் சில புகழுரைகள் எனக்கு உறுத்தத் தொடங்குகின்றன.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. கிளெயோஃபிலாஸ் மெக்சிகோவின் சிற்றூர் ஒன்றில் தகப்பனோடும் ஆறு சகோதரர்களோடும் வளர்ந்தவள். டெலிநோவெலா என்று அழைக்கப்படும் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துக் காதலுக்காகக் காத்திருந்தவள். ஹுவான் பெத்ரோ என்பவனுக்கு மணம் முடிக்கப்பட்டு, எல்லைக்கு அப்பால் டெக்சாஸில் சான் அன்டோனியோவுக்குப் பக்கத்திலுள்ள செகீன் என்ற ஊருக்கு வருகிறாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஓடை. அதற்கு ‘லா கிரிட்டோனா’, அலறும் பெண், என்று பெயர். அவள் வலியில் அலறினாளா கோபத்தில் அலறினாளா என்று ஊரில் யாருக்கும் தெரியாது, கேட்டுக்கொண்டதும் இல்லை. கணவன் அடிக்கிறான். முதல் அடி விழுந்தபோது, திருப்பி அடிப்பேன் என்று பெண்ணாக இருந்த காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தவள், திகைத்து நின்றுவிடுகிறாள். பிறகு அழும் அவனைத் தேற்றவும் செய்கிறாள். இரண்டாவது முறை கருவுற்றிருக்கும்போது மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்படி அவனிடம் மன்றாடுகிறாள். யாராவது கேட்டால் படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதாக வாக்கும் கொடுக்கிறாள். அங்கே வேலை செய்யும் கிராசியேலா, காயங்களைக் கண்டு, தன் தோழி ஃபெலிஸுக்குத் தொலைபேசுகிறாள். ஃபெலிஸ் தன் சொந்த பிக்கப் வண்டியில் வந்து கிளெயோஃபிலாஸையும் குழந்தையையும் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போகிறாள். ஓடையைத் தாண்டும்போது ஃபெலிஸ் டார்ஜானைப் போல ஒரு கூச்சல் போடுகிறாள். கதை அந்தக் கூச்சலோடும் சிரிப்போடும் முடிகிறது.

இக்கதையைப் பற்றிய விமர்சனங்களில் பெரும்பாலானவை அந்தக் கூச்சலில்தான் நிற்கின்றன. பிள்ளைகளைக் கொன்றுவிட்டு ஆற்றங்கரையில் அழுதுகொண்டு திரியும் ‘லா யோரோனா’ என்ற மெக்சிக நாட்டார்கதைப் பெண், இங்கே கூவுகிற பெண்ணாக மாறுகிறாள் என்பது அந்த வாசிப்பு. தவறில்லை, சிஸ்னெரோஸ் அதற்காகத்தான் ஓடையை அங்கே வைத்திருக்கிறார். ஆனால் அந்த வாசிப்பின் நிழலில் இன்னொன்று வளர்ந்துவிடுகிறது. மெக்சிகோவிலிருந்து வந்தவள் அழுகிறாள், அமெரிக்காவில் வளர்ந்தவள் கத்துகிறாள். மெக்சிகோ என்றால் தகப்பன், தொடர், பொறுமை. அமெரிக்கா என்றால் சொந்த வண்டி, சொந்தச் சம்பளம், சொந்தக் குரல். இப்படி வாசித்துவிட்டால் வன்முறை ஊரிலிருந்து மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த சாமானாகிவிடுகிறது. ‘மச்சிஸ்மோ’ என்ற ஒரு சொல் போதும், எல்லாவற்றையும் விளக்கிவிடலாம்.

அந்த மூட்டையைத்தான் 1991இன் மூன்றாவது எழுத்து அவிழ்த்துப் பார்க்கிறது. கணக்கெடுப்பில் பேசியவர்களிடம், துணைமீது எப்போதாவது கைநீட்டியதுண்டா என்று கேட்கப்பட்டது. வெள்ளையரில் 21.6 விழுக்காட்டினர் உண்டு என்றார்கள். மெக்சிகோவில் பிறந்து வந்த மெக்சிகர்களில் 20 விழுக்காட்டினர். அமெரிக்காவிலேயே பிறந்த மெக்சிக வம்சாவளியினரில் 30.9 விழுக்காட்டினர். ஊரிலிருந்து வந்தவர்களும் வெள்ளையர்களும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க, எண் ஏறியது அங்கே பிறந்த பிள்ளைகளின் தலைமுறையில். மூட்டையில் வந்ததுதான் காரணம் என்றால், மூட்டையைத் தூக்கி வந்தவர்களிடம் அல்லவா அது அதிகம் இருந்திருக்க வேண்டும்?

இதையும் உடனே விழுங்கிவிடக் கூடாது. கணக்கெடுப்பு என்பது யாரோ ஒருவர் கேட்க யாரோ ஒருவர் சொல்வது. கதவைத் தட்டி வந்த அந்நியரிடம், தாள் இல்லாத குடும்பத்து ஆண் என்ன சொல்வான், பெண் என்ன சொல்வாள்? புதிதாக வந்தவர்கள் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. ஆனால் அதை மட்டும் சொல்லி இந்த எண்களைத் தள்ளிவிடுவதும் வசதியான வேலைதான். வந்தவர்கள் குறைத்துச் சொல்வார்கள், வெள்ளையர்கள் உண்மை சொல்வார்கள் என்று எதை வைத்து நம்புவது? பெரிய அளவிலான கணக்கெடுப்புகளும் ‘மச்சிஸ்மோ’ வாதத்துக்குத் துணை வரவில்லை. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தொலைபேசியில் பேசி எடுத்த கணக்கில், வாழ்நாளில் துணைவனின் வல்லுறவுக்கோ அடிக்கோ பின்தொடர்தலுக்கோ ஆளானதாகச் சொன்னவர்கள் ஹிஸ்பானிக் பெண்களில் 37.1 விழுக்காடு, வெள்ளைப் பெண்களில் 34.6 விழுக்காடு. இரண்டரை புள்ளி வேறுபாட்டில் ஒரு கண்டத்தின் பண்பாட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. மூன்றில் ஒருத்திக்கு மேல் அடிபடும் வெள்ளைப் பெண்களின் பண்பாட்டைப் பற்றி அந்நாட்டில் யாரும் நூல் எழுதுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது நமக்கும் பழக்கமான கதை. உமா நாராயண் 1997இல் எழுதிய ‘டிஸ்லொகேட்டிங் கல்ச்சர்ஸ்’ நூலில் வரதட்சணைக் கொலையைப் பற்றிக் கேட்ட கேள்வி இதுதான்: இந்தியாவில் கணவன் வீட்டார் எரித்தால் அது இந்தியப் பண்பாடு, அமெரிக்காவில் கணவன் சுட்டால் அது ஒரு தனி மனிதனின் குற்றம், எப்படி? லத்தீனப் பெண்ணின் இடத்தில் தெற்காசியப் பெண்ணை வைத்துப் பாருங்கள், வாக்கியங்கள் அச்சு மாறாமல் பொருந்தும். நியூ ஜெர்சியில் 1985இல் ‘மானவி’ அமைப்பைத் தொடங்கிய பெண்கள் இரண்டு பக்கமும் சண்டை போட வேண்டியிருந்தது. நம்மவர்களிடம், நம் குடும்பங்களிலும் அடி உண்டு என்று சொல்ல வேண்டும். வெளியாரிடம், அது எங்கள் மதத்தில் எழுதியிருப்பதால் அல்ல என்றும் சொல்ல வேண்டும்.

‘ஹிஸ்பானிக்’ என்ற சொல்லும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய சொல். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1980இல்தான் அது எல்லாரிடமும் கேட்கப்படும் கேள்வியானது. அதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? ப்யூர்ட்டோ ரிக்கோவின் பெண், 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கக் குடிமகள். அவளுக்கு விசா பயம் கிடையாது, நாடுகடத்தல் கிடையாது. ஆனாலும் அத்தீவில் பெண்கள்மீதான வன்முறைக்காக 2021 ஜனவரியில் ஆளுநர் அவசரநிலையே அறிவிக்க வேண்டிவந்தது. கியூபாவிலிருந்து வந்தவளுக்கு 1966இலிருந்து தனிச் சட்டத்தின் சலுகை இருந்தது. குவாத்தமாலாவிலிருந்து நடந்தே வந்தவளுக்கு ஒன்றுமில்லை. இந்த மூவரையும் ஒரே பெட்டியில் போட்டு, அவர்கள் அமெரிக்கப் பண்பாட்டோடு எவ்வளவு கரைந்திருக்கிறார்கள் என்று மதிப்பெண் போடும் வழக்கம் ஆய்வுலகில் நெடுநாள் இருந்தது. கரைந்ததை அளப்பது எப்படி? பல ஆய்வுகளில், கேள்விகளுக்கு எந்த மொழியில் பதில் சொன்னாள் என்பதை வைத்து. வீட்டில் எந்த மொழி, தொலைக்காட்சியில் எந்த மொழி என்பதை வைத்து. ஸ்பானியத்தில் பேசினால் பழைய பெண், ஆங்கிலத்தில் பேசினால் புதிய பெண். வாடகை எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், அவன் வேலை போய் எத்தனை மாதம், போலீஸ் அந்தத் தெருவில் எப்படி நடந்துகொள்கிறது என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் வராது. என் கருத்தில், அமெரிக்காவில் பிறந்த தலைமுறையில் எண் ஏறுவதை விளக்க அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அமெரிக்கப் பண்பாடு அவர்களைக் கெடுத்துவிட்டது என்று சொல்வது பழைய வாதத்தைத் தலைகீழாகப் பிடிப்பதுதான். அதைச் சொல்ல நம்மூரில் ஆட்கள் தயாராகக் காத்திருப்பார்கள் என்பதாலும் இதைச் சொல்லிவைக்கிறேன்.

சரி, கதைக்கு வருகிறேன். இத்தனைக்கும் பிறகு சிஸ்னெரோஸின் கதை தோற்றுவிட்டதா என்றால், இல்லை. தோற்றது கூச்சலை மட்டும் பார்க்கும் வாசிப்பு. கதைக்குள்ளேயே அதற்கு மறுப்பு இருக்கிறது. செகீன் ஊரை சிஸ்னெரோஸ் எப்படி வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். மெக்சிகோவில் கிளெயோஃபிலாஸுக்குச் சினிமாக் கொட்டகை இருந்தது, தோழியின் வீடு நடக்கும் தூரத்தில் இருந்தது, கூடிப் பேச இடம் இருந்தது. இங்கே நடந்து போக ஓரிடம் இல்லை. வண்டி ஓட்டத் தெரிந்தால், வண்டி இருந்தால், அவன் விட்டால் வெளியே போகலாம். கணவனை நம்பியிருக்கும்படியே ஊர்களைக் கட்டியிருக்கிறார்கள் என்று கதை வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது, அவளுடைய தனிமை எல்லையைத் தாண்டிய பிறகு உண்டானது. இரண்டு பக்கத்திலும் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரிகளின் பெயர்கள் சொலெதாத், தொலோரெஸ். தனிமை, துயரங்கள் என்று பொருள். சிஸ்னெரோஸ் இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தமாகவே கோடு போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றும். ஆனாலும் அந்த விதவைகளும் அமெரிக்க மண்ணில்தான் இருக்கிறார்கள்.

பல ஆண்டுகளாக மாணவிகளோடு இந்தக் கதையை வாசித்துவருகிறேன். லா யோரோனாவைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒருத்தி குறுக்கிட்டாள்: “மேடம், அவளுக்கு அப்பாவுக்கு ஒரு போன் பண்ணக்கூட வழியில்லையே?” ஓடையைப் பற்றி எழுதப்பட்ட பல பக்கங்களைவிட அந்தக் கேள்வி கதையின் மையத்துக்கு நெருக்கமானது. ஊருக்கு எழுதவோ பேசவோ அவன் விடுவதில்லை என்பதைக் கிராசியேலாவின் வாயால்தான், அதுவும் அவள் தோழியோடு பேசும் தொலைபேசிப் பேச்சில் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு, நாம் தெரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் தெரியாத இன்னொருத்தி என்று கிராசியேலா சொல்லும் தொனியிலிருந்து இவள் முதல் ஆள் இல்லை என்பதும் தெரிகிறது.

அந்தத் தொலைபேசிப் பேச்சை கிரென்ஷாவின் கட்டுரையில் வரும் இன்னொரு தொலைபேசிப் பேச்சோடு வைத்து வாசிக்க வேண்டும். கணவன் கொன்றுவிடுவதாக மிரட்டியதால் வீட்டைவிட்டு ஓடிவந்த ஒரு லத்தீனப் பெண்ணுக்காக அவளுடைய பதின்வயது மகன் உதவி எண்ணை அழைக்கிறான். காப்பகம் ஒன்று அவளை ஏற்க மறுக்கிறது. காரணம், அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, குழு அமர்வில் பேச முடியாது. நான் மொழிபெயர்க்கிறேன் என்று மகன் சொல்லிப்பார்க்கிறான். மகன் மொழிபெயர்ப்பது அவளை மீண்டும் காயப்படுத்தும் என்பது காப்பகத்தின் விதி. தனியாக எடுத்துப் பார்த்தால் அது நல்ல விதிதான், பெண்ணியம் கற்றுக்கொடுத்த விதி. அந்த நல்ல விதியால் அவள் தெருவில் இரவுகளைக் கழித்தாள். பெண்களுக்காகப் பெண்கள் நடத்திய காப்பகத்தின் கதவு அது என்பதால்தான் கிரென்ஷாவின் கட்டுரை இன்றும் சுடுகிறது. ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’யைக் குறுக்குவெட்டு, ஊடுபாவு என்றெல்லாம் தமிழாக்கி அடையாளங்களின் பட்டியலாகப் பேசுகிறோம். அந்தச் சொல் அக்கட்டுரையில் நிற்பது இப்படிப்பட்ட ஒரு மூடிய கதவின் முன்னால்.

கதவுகள் வேறுவிதமாகவும் கட்டப்பட்டன. செயின்ட் பால் நகரில் லத்தீனப் பெண்கள் 1982இலேயே ‘காசா தே எஸ்பெரான்சா’ என்ற காப்பகத்தைத் தொடங்கியிருந்தார்கள். பாஸ்டனில் ‘காசா மிர்னா’ அதற்கும் முந்தியது. கலிஃபோர்னியாவில் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் சேர்ந்து ‘லீதெரெஸ் காம்பெசினாஸ்’ அமைத்து, வன்முறையைப் பற்றியும் பூச்சிமருந்தைப் பற்றியும் கூலியைப் பற்றியும் ஒரே கூட்டத்தில் பேசினார்கள். சிஸ்னெரோஸின் கிராசியேலா இந்தப் பெண்களில் ஒருத்தி. அவள் எந்தச் சட்டத்தையும் பயன்படுத்தவில்லை. போலீஸை அழைக்கவில்லை. கிளெயோஃபிலாஸிடம் ஸ்பானியத்தில் பேசினாள், வண்டி வைத்திருக்கும் தோழியைக் கூப்பிட்டாள். எனக்குக் கதையின் நாயகி ஃபெலிஸ் அல்ல, கிராசியேலாதான்.

போலீஸை ஏன் அழைக்கவில்லை என்ற கேள்விக்குக் கதை பதில் சொல்லவில்லை, சட்டத்தின் வரலாறு சொல்கிறது. 1986இல் அமெரிக்கா போலித் திருமணங்களைத் தடுக்கிறேன் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. குடிமகனை மணந்து வருபவளுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் நிபந்தனையோடு கூடிய குடியிருப்புரிமை மட்டுமே. முழு உரிமைக்கான மனுவில் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இதன் பொருள் என்னவென்று எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை: பேனா அவன் கையில். 1990இல் அடிபட்ட மனைவிக்கு விலக்கு வந்தது. ஆனால் போலீஸ், மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் என்று யாராவது எழுதிக்கொடுத்த சான்று வேண்டும். வீட்டைவிட்டு வெளியே போக முடியாதவளிடம், வெளியே போய் நால்வரிடம் சொன்னதற்குச் சான்று கேட்டது அரசு. இதை கிரென்ஷா அன்றே எடுத்துச் சொன்னார்.

1994இல் பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான சட்டம் வந்தபோதுதான், கணவன் துணையில்லாமல் தானே மனு போடும் உரிமை அவளுக்குக் கிடைத்தது. அதுவும் கணவன் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவனாகவோ இருந்தால், முறைப்படி மணந்திருந்தால். அடிப்பவனும் தாள் இல்லாதவன் என்றால்? சேர்ந்து வாழ்பவன் என்றால்? அவர்களுக்கு 2000இல் ‘யு விசா’ என்று ஒன்று உண்டாக்கப்பட்டது. அதற்கான விதிகளை எழுத ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்கள். குற்ற விசாரணைக்கு அவள் ஒத்துழைத்தாள் என்று போலீஸோ அரசு வழக்கறிஞரோ கையெழுத்திட்டால்தான் மனுவே போட முடியும். ஆண்டுக்குப் பத்தாயிரம் விசா என்று உச்சவரம்பு. வரிசையில் நிற்பவர்கள் லட்சத்துக்கும் மேல். கணவன் கையிலிருந்த பேனா போலீஸ்காரர் கைக்குப் போயிருக்கிறது.

கிளெயோஃபிலாஸை இந்தச் சட்டங்களுக்குள் நிறுத்திப் பாருங்கள், வகுப்பில் நான் இதை ஒரு பயிற்சியாகவே கொடுப்பதுண்டு. ஹுவான் பெத்ரோ குடிமகனா இல்லையா என்று கதை சொல்வதில்லை. கதை வெளிவந்த ஆண்டில் அவன் குடிமகனாக இருந்தால் அவள் அவனுடைய கையெழுத்துக்குக் கட்டுப்பட்டவள், இல்லையென்றால் அவளுக்கு எந்த வழியும் இல்லை. நான்கு ஆண்டு கழித்து அவள் ஓடியிருந்தால், அவன் குடிமகன் என்ற நிலையில், அமெரிக்காவிலேயே தங்க ஒரு வழி இருந்திருக்கும். அவள் தகப்பன் வீட்டுக்குத் திரும்புகிறாள் என்பதைப் ‘பழைய வாழ்க்கைக்குத் திரும்பல்’ என்று குறை சொன்ன விமர்சனங்களை வாசித்திருக்கிறேன். என் மாணவிகளும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள், பெண் பிறந்த வீடு திரும்புவதென்றால் இங்கே அதற்கொரு முகச்சுளிப்பு உண்டல்லவா. ஆனால் 1991இன் சட்டத்தில் அவள் முன்னால் வேறு எந்த முகவரியும் எழுதப்படவில்லை. தகப்பன் விடைகொடுக்கும்போதே, உன்னைக் கைவிடமாட்டேன் என்ற பொருளில் ஒன்று சொல்லியிருந்தான். நம் அப்பாக்களில் எத்தனை பேர் அதைச் சொல்லி அனுப்புகிறார்கள்?

இந்தச் சட்ட வலையில் தமிழ்ப் பெண்களும் நேரடியாகச் சிக்கியிருக்கிறார்கள். எச்-1பி விசாவில் வேலைக்குப் போகிறவனின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4. அவள் அங்கே இருப்பது அவன் வேலையில் இருக்கும்வரை, அவளோடு மணவாழ்வில் இருக்கும்வரை. அவன் விவாகரத்து வாங்கினால் அவளுடைய விசா செத்துப்போகும். எச்-4 மனைவியரில் ஒரு பகுதியினர் வேலை செய்யலாம் என்று அனுமதி வந்ததே 2015இல்தான். கணவன் குடிமகனும் இல்லை, கிரீன் கார்டும் இல்லை என்பதால் 1994 சட்டத்தின் தனி மனு இவளுக்கு இல்லை. அடிபட்ட எச்-4 மனைவிக்கு வேலை அனுமதி தரலாம் என்று 2005இல் சட்டம் சொன்னது, அது நடைமுறைக்கு வந்தது 2017இல். இப்பெண்களில் பலர் பொறியியல் பட்டதாரிகள், ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறவர்கள். கிளெயோஃபிலாஸுக்கு ஆங்கிலம் தெரியாதது ஒரு பூட்டு என்றால், அது தெரிந்தவளுக்கு வேறு பூட்டு இருக்கிறது. பண்பாட்டில் சாவி தேடுகிறவர்கள் இவ்விருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கட்டும்.

2017ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாடுகடத்தல் வேகம் பிடித்த அந்த ஆண்டின் பிப்ரவரியில், எல் பாசோ நீதிமன்றத்தில் துணைவனுக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை கேட்டு வந்த, தாள் இல்லாத ஒரு திருநங்கையைக் குடியேற்றக் காவலர்கள் அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த சில வாரங்களில் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறைத் தலைவர், லத்தீனர்களிடமிருந்து வரும் குடும்ப வன்முறைப் புகார்கள் முந்தைய ஆண்டைவிடப் பத்து விழுக்காடும், பாலியல் தாக்குதல் புகார்கள் இருபத்தைந்து விழுக்காடும் குறைந்துவிட்டதாக அறிவித்தார். குறைந்தது அடி என்று அவரே நம்பவில்லை, புகார்தான் குறைந்தது என்றார். இனி அந்த ஆண்டின் புள்ளிவிவரத்தை எடுத்து, வந்தேறிய பெண்களிடையே வன்முறை குறைவு என்று ஒருவர் கட்டுரை எழுதலாம், அதற்கு அடிக்குறிப்பும் கொடுக்கலாம்.

தஞ்சம் கேட்டு வருகிறவர்களின் நிலை இதைவிட ஊசலாட்டமானது. குவாத்தமாலாவில் கணவனின் பத்தாண்டுக் கொடுமையிலிருந்து தப்பி 1995இல் வந்த ரோதி அல்வராதோவுக்கு 1996இல் ஒரு நீதிபதி தஞ்சம் கொடுத்தார். 1999இல் மேல்முறையீட்டு வாரியம் அதைப் பறித்தது. இறுதியாகத் தஞ்சம் கிடைத்தது 2009இல். கணவனிடமிருந்து ஓடிவருபவள் அரசியல் அகதியா என்பதுதான் வழக்கு. 2014இல் இன்னொரு குவாத்தமாலாப் பெண்ணின் வழக்கில் வாரியம் ஆம் என்றது. 2018இல் அட்டர்னி ஜெனரல் ஜெஃப் செஷன்ஸ், எல் சால்வடோர் பெண் ஒருத்தியின் வழக்கில், அது தனிப்பட்ட வன்முறை என்று சொல்லி அந்தக் கதவைச் சாத்தினார். 2021இல் பின்னர் வந்த ஒரு அட்டர்னி ஜெனரல் அவருடைய தீர்ப்பை நீக்கினார். இங்கே ஒரு வேடிக்கை கவனிக்கத்தக்கது. வழக்கில் வெல்ல வேண்டுமானால் அப்பெண்ணின் வழக்கறிஞர், குவாத்தமாலாவின் பண்பாடே ஆணாதிக்கமானது, அங்கே மனைவி கணவனின் உடைமை என்று நிறுவ வேண்டும். பண்பாட்டுக் குற்றச்சாட்டை எதிர்க்கும் பெண்ணியம், நீதிமன்ற வாசலில் அதையே கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறது. அந்த வழக்கறிஞர்களை நான் குறை சொல்லமாட்டேன். எதிரே நிற்பது ஒரு உயிர். ஆனால் ‘அவர்கள் பண்பாடு அப்படி’ என்ற வாக்கியம் எங்கிருந்தெல்லாம் உரம் வாங்குகிறது என்று பார்க்கும்போது இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதை முடிந்த பிறகு நடப்பதைப் பற்றி விமர்சகர்கள் அதிகம் எழுதுவதில்லை. கிளெயோஃபிலாஸின் மடியில் இருக்கும் மகன் டெக்சாஸில் பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன். வயிற்றில் இன்னொன்று. குழந்தைகளை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் ஒப்புதலில்லாமல் கொண்டுபோவதைத் தடுக்கும் ஹேக் உடன்படிக்கை 1980இல் உண்டானது. அமெரிக்கா 1988இல் அதற்குள் வந்தது. மெக்சிகோ சேர்ந்த ஆண்டு, இந்தக் கதை வெளிவந்த அதே 1991. அதன்படி, ஹுவான் பெத்ரோ விரும்பினால், மகனைத் திருப்பி அனுப்பும்படி மெக்சிக நீதிமன்றத்தில் கேட்கலாம். கூட்டிக்கொண்டு போனவள் குழந்தையைக் கடத்தியவள் ஆகிவிடுவாள். குழந்தைக்குக் கடும் ஆபத்து உண்டு என்று அவள் நிரூபித்தால் விலக்கு உண்டு. அவள் அடிபட்டாள் என்பது குழந்தைக்கு ஆபத்தாகுமா என்று நீதிபதிகள் இன்றும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை. சேர வேண்டும் என்று அமெரிக்கா வற்புறுத்துகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நியூ ஜெர்சியிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் சென்னைக்கோ கோவைக்கோ விமானம் ஏறிவிட்ட பெண்களை மனத்தில் வைத்து, சேரக் கூடாது என்று இங்குள்ள பெண்கள் அமைப்புகள் வாதாடுகின்றன.

சான் அன்டோனியோ பேருந்து நிலையத்தில் கிளெயோஃபிலாஸ் இறங்கிக்கொள்வதைச் சிஸ்னெரோஸ் எழுதவில்லை. அங்கிருந்து எல்லை ஏறக்குறைய இருநூற்று ஐம்பது கிலோமீட்டர். பயணச்சீட்டு ஒரு பெரியவருக்கும் ஒரு குழந்தைக்கும்.